இரண்டுங்கெட்டானா, இரண்டு வீட்டுக் குடித்தனமா?

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். மன்னார்குடியில் மழையா, கரண்டு இருக்கா, மாத்திரை வாங்கியாச்சா என்கிற விசாரணையெல்லாம் முடிந்ததும், "இன்னைக்கும் ஆபீஸாப்பா?" என்றார்.

"ஆமாம்ப்பா. சர்வர் கொஞ்சத்தைக் கிளவுடுக்கு மாத்துறோம். ஞாயித்துக்கிழமைதான் அதைச் செய்ய முடியும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கூட்டுறவு சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர் அப்பா. பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப இனிமே உங்க கம்பெனி கணக்குப் புஸ்தகமெல்லாம் யார் வீட்டுல இருக்கும்?"

பதினெட்டு வருஷமாகப் பொட்டி தட்டுகிறேன். எத்தனையோ கன்சல்டன்ட்கள், எத்தனையோ மீட்டிங்குகள். இவ்வளவு நறுக்கென்று யாரும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் ஆணி பிடுங்கும் விஷயம் என்று ஓடிவிடாதீர்கள். புனேயில் நம்மாட்கள் பொங்கலுக்குக் கூடினால் பத்துப் பேரில் நாலு பேர் இந்த வேலையில்தான் இருக்கிறோம். மீதி ஆறு பேர் வீட்டில் ஒரு பிள்ளையாவது இதைப் படித்துக்கொண்டிருக்கிறது. அதனால் இது வீட்டு விஷயமும்தான் :)

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சொந்த சர்வர் ரூமையும் வாடகைக் கிளவுடையும் இணைத்து நடத்துவதற்கு ஹைப்ரிட் என்று பெயர். எல்லாவற்றையும் கிளவுடில் ஏற்றத் துணிச்சல் இல்லாதவன் நடுவழியில் நின்றுகொள்ளும் இடம் அது என்று நம் மேலாளர்கள் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. நம்மைப் போன்ற நடுத்தரத் தொழிற்சாலைகளுக்கு அதுதான் நிரந்தரக் குடித்தனம். ஆனால் அதை அரைமனதோடு செய்தால், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இரண்டும் போய்விடும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நானே செய்து, நானே மாட்டி, நானே துடைத்த கதை.

கொசுவர்த்தி கொஞ்சம்

நான் வேலை பார்ப்பது சாக்கன் பக்கம் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை. அறுநூறு பேர். கேன்டீனை ஒட்டி ஒரு சர்வர் ரூம். உள்ளே போனால் மார்கழிக் குளிர், வெளியே வந்தால் வடாபாவ் வாசனை. அங்கே ஈ.ஆர்.பி., டிசைன் ட்ராயிங்குகள், மெஷின்களிலிருந்து வரும் உற்பத்திக் கணக்கு, சம்பளம், வருகைப் பதிவு எல்லாம் இருந்தன. அந்த ரூமுக்கு ராஜா, காகா. மராத்தியில் காகா என்றால் சித்தப்பா மாதிரி. வயது ஐம்பத்தைந்து. இருபத்திரண்டு வருஷமாக அங்கேயே இருக்கிறார். அவருக்குத் துணையாக லாத்தூர் பக்கத்துப் பையன் ஒருவன், ஒப்பந்த ஊழியன்.

மூன்று வருஷம் முன்பு நிர்வாகம் என்னைக் கூப்பிட்டு, "எல்லாரும் கிளவுடுக்குப் போய்விட்டார்கள், நாம் எப்போது?" என்றது. நானும் உற்சாகமாக ஒரு பிரசன்டேஷன் போட்டேன். பதினெட்டு மாதத்தில் சர்வர் ரூம் காலி, அந்த இடத்தில் கேன்டீனைப் பெரிதாக்கலாம் என்று கடைசி ஸ்லைடில் படம் வேறு. மிச்சமாகும் செலவுப் பட்டியலில் ஒரு வரி: "ஆட்கள் - 2". அதை எழுதியது நான்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

பாதி வேலை முடிந்தபோதே தெரிந்துவிட்டது, எல்லாம் போகாது என்று. சில மெஷின்களோடு பேசும் பழைய மென்பொருள் கிளவுடில் ஓடவே ஓடாது. சில வாடிக்கையாளர்களின் ஒப்பந்தத்தில், அவர்கள் அனுமதி இல்லாமல் ட்ராயிங் நம் வளாகத்தைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. சரி, போனது போகட்டும், இருப்பது இருக்கட்டும், நடுவில் ஒரு வி.பி.என். போட்டால் ஹைப்ரிட் ஆயிற்று என்று முடிவு செய்தோம். திட்டமிட்டு வந்த ஹைப்ரிட் இல்லை, திணறி வந்து நின்ற ஹைப்ரிட்.

முதல் கோணல்

முதல் நாளே அடி. வி.பி.என். சுரங்கம் பச்சை விளக்கு காட்டுகிறது, ஆனால் ஒரு பாக்கெட்கூட அந்தப் பக்கம் போகவில்லை. இரவு இரண்டு மணி வரை மண்டையை உடைத்துக்கொண்டோம். காரணம் கேவலமானது. தொழிற்சாலையில் 10.0.0.0/16 என்ற முகவரி வரிசை பல வருஷமாக இருக்கிறது. கிளவுடில் நெட்வொர்க் போட்ட புண்ணியவானும் பாடப்புத்தகத்தில் இருந்தபடி அதே 10.0.0.0/16 போட்டுவிட்டார். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கும் ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? தனியார் நெட்வொர்க்குகளுக்கென்று 10, 172.16, 192.168 என்று தொடங்கும் முகவரிகளை 1996-லேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் 10 என்று தொடங்குபவை மட்டுமே ஒன்றரைக் கோடிக்கு மேல். அத்தனை இருந்தும் ஒரே எண்ணில் போய் முட்டிக்கொண்டோம். உருவாக்கிய நெட்வொர்க்கின் அடிப்படை முகவரியைப் பிறகு மாற்ற முடியாது. கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டி, சர்வர்களை நகர்த்த மூன்று வார விடுமுறை நாட்கள் போயின. தங்கமணி அந்த மாதம் என்னோடு பேசியது குறைவு.

அடுத்தது இன்னும் வினோதம். லாகின் ஆகிறது, சின்னச் செய்திகள் போகின்றன, பெரிய ஃபைலைத் திறந்தால் மட்டும் தொங்கிவிடுகிறது. சாதாரண பாக்கெட்டின் அளவு 1500 பைட். வி.பி.என். தன் உறையை அதன் மேல் சுற்றும்போது உள்ளே இடம் குறைகிறது. பெரிய பாக்கெட் வழியில் நின்றுவிடுகிறது, நின்றதைச் சொல்லும் செய்தியையும் நடுவில் ஏதோ ஒரு ஃபயர்வால் தின்றுவிடுகிறது. டி.சி.பி. துண்டின் அளவை 1350-க்கு இறக்கியதும் எல்லாம் ஓடியது. இதைக் கண்டுபிடித்தது காகா. "முன்னாடி லீஸ்டு லைன் போட்டப்பவும் இப்படித்தான் தொங்குச்சு" என்றார், ஏதோ நேற்று நடந்ததுபோல.

மூன்றாவது, ஈ.ஆர்.பி.யின் முன்பக்கத்தைக் கிளவுடில் வைத்து, டேட்டாபேஸை இங்கேயே விட்டிருந்தோம். உற்பத்திப் பதிவுத் திரை ஒன்று திறக்க டேட்டாபேஸிடம் முந்நூறு முறை கேள்வி கேட்கும். ஒரே அறைக்குள் இருந்தபோது ஒரு கேள்விக்கு அரை மில்லி விநாடி, மொத்தம் 0.15 விநாடி. மும்பை போய் வர எங்களுக்கு எட்டு மில்லி விநாடி ஆனது. முந்நூறு கேள்விக்கு 2.4 விநாடி. கேட்க ஒன்றுமில்லைதான். ஆனால் ஷிஃப்ட் மாறும்போது நாற்பது பேர் வரிசையில் நிற்கையில், ஒவ்வொருவரும் நாலைந்து திரை திறக்கும்போது, அந்த 2.4 விநாடி சண்டையாகிறது. லைனை எவ்வளவு பெரிதாக்கினாலும் இது தீராது. அகலம் வேறு, தூரம் வேறு. பேசிக்கொண்டே இருக்கும் இரண்டு பேரை இரண்டு ஊரில் பிரித்து வைக்கக் கூடாது என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியாததா?

அந்த ஜூலை மாதம்

இதெல்லாம் சில்லறை. நிஜமான பாடம் ஒரு ஜூலை மாதத்தில் வந்தது. நல்ல மழை. ரோட்டைத் தோண்டிய ஜே.சி.பி. எங்கள் ஃபைபரை அறுத்துவிட்டது. கவலைப்படவில்லை, இரண்டு கம்பெனியிடம் இரண்டு லைன் வாங்கியிருக்கிறோமே என்று. இரண்டும் ஒரே பள்ளத்தில் பதித்தவை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவ்வ்வ்!

தொழிற்சாலை துண்டிக்கப்பட்டது சரி, கிளவுடில் இருப்பதாவது ஓட வேண்டுமே? ஓடவில்லை. பெயரைக் கேட்டால் முகவரி சொல்லும் டி.என்.எஸ்., ஆளைப் பார்த்து அனுமதிக்கும் ஆக்டிவ் டைரக்டரி இரண்டும் தொழிற்சாலையில் மட்டுமே இருந்தன. மும்பையில் சர்வர்கள் நன்றாக உயிரோடு இருக்கின்றன. சென்னை, நாசிக் விற்பனை ஆட்கள் உள்ளே நுழைய முடியவில்லை, ஏனென்றால் அவர்கள் யார் என்று சொல்ல வேண்டியவர் சாக்கனில் மாட்டிக்கொண்டிருக்கிறார். சொந்த வீட்டில் இருந்தவனுக்கும் சோறில்லை, வாடகை வீட்டில் இருந்தவனுக்கும் சோறில்லை. ஐந்தரை மணி நேரம்.

அன்று இரவு ஒரு கணக்குப் போட்டேன். சர்வர் ரூம் 99.9 சதவீதம் ஓடுகிறது, கிளவுடு 99.9, நடுவில் இருக்கும் லைன் 99.5 என்று வையுங்கள். மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் வேலை நடக்கும் என்று கட்டினால், மூன்றையும் பெருக்க வேண்டும். 99.3 சதவீதம் வருகிறது. வருஷத்துக்குச் சுமார் 61 மணி நேரம் நின்று போகும். ஏதாவது ஒன்றில் மட்டும் இருந்திருந்தால் ஒன்பது மணி நேரத்துக்குள். அதாவது, பாதுகாப்புக்காக இரண்டு வீடு வைத்து, ஆபத்தை ஏழு மடங்கு ஆக்கியிருக்கிறேன். இதற்குப் பெயர்தான் இரண்டுங்கெட்டான்.

அப்படியானால் சரியான ஹைப்ரிட் எது?

அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. 2011-இல் கிளவுடுக்கு ஒரு வரையறை கொடுத்தது. அதில் ஹைப்ரிட் பற்றிச் சொல்வதன் சாரம் இதுதான்: இரண்டோ அதற்கு மேலோ அமைப்புகள், ஒவ்வொன்றும் தனித்து நிற்க வேண்டும், ஆனால் தகவலும் மென்பொருளும் இடம் மாற முடிகிற அளவுக்குப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். எல்லாரும் பிணைப்பைத்தான் கவனிக்கிறோம். தனித்து நிற்பதை மறந்துவிடுகிறோம். நான் மறந்தது அதைத்தான்.

பிறகு ஒரு வருஷம் உட்கார்ந்து திருத்தினோம். திருத்தியதை வரிசையாகச் சொல்கிறேன், யாருக்காவது உதவும்.

ஒன்று, ஒவ்வொரு மென்பொருளையும் அதன் டேட்டாபேஸோடு சேர்த்தே வைப்பது. இங்கே என்றால் இரண்டும் இங்கே, அங்கே என்றால் இரண்டும் அங்கே. மெஷின் சம்பந்தப்பட்டது, ட்ராயிங், உற்பத்திப் பதிவு இங்கே. சப்ளையர் போர்ட்டல், மெயில், மாதக்கடைசியில் மட்டும் மூச்சு வாங்கும் அறிக்கைகள் அங்கே.

இரண்டு, அடையாளம். நாம் எல்லாருமே பட்ட பாடுதான் இது. ஓட்டு ஒரு ஊரில், ஆதார் விலாசம் ஒரு ஊரில், ரேஷன் கார்டு இன்னொரு ஊரில் என்று வைத்துக்கொண்டு கேஸ் கனெக்‌ஷனுக்கு அலைந்தவர்கள்தானே நாம்? கம்ப்யூட்டருக்கும் அதே கதை. ஆள் ஒருவர், பதிவேடு ஒன்று, ஆனால் அதன் நகல் இரண்டு வீட்டிலும் இருக்க வேண்டும். இப்போது டைரக்டரியும் டி.என்.எஸ்.ஸும் கிளவுடிலும் ஒரு பிரதி ஓடுகின்றன. வேலையை விட்டுப் போனவரின் கணக்கை ஓரிடத்தில் மூடினால் இரண்டு இடத்திலும் மூடுகிறது.

மூன்று, லைன். இரண்டாவது இணைப்பைப் பள்ளம் வழியே வாங்காமல், கூரையில் ஆன்டெனா வைத்து ரேடியோ வழியே வாங்கினோம். வேகம் குறைவுதான். ஜே.சி.பி.க்கு எட்டாது. லைனே இல்லாவிட்டாலும் மூன்று நாள் உற்பத்திப் பதிவு உள்ளூரிலேயே சேர்ந்து, லைன் வந்ததும் மேலே போகும்படி மாற்றினோம்.

நான்கு, பேக்கப். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வெளியூரில் என்ற 3-2-1 விதி பழையது. அதோடு இன்னொன்றும் சேர்த்தோம். வெளியூர்ப் பிரதியை ஒரு குறிப்பிட்ட காலம் யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டி, அதன் சாவியைக் கம்பெனி லாகினோடு சேர்க்காமல் தனியாக வைத்தோம். கம்பெனி லாகினைத் திருடியவன் பேக்கப்பையும் சேர்த்து அழித்துவிட்டுத்தான் பணம் கேட்பான். முதல் முறை 10 டெராபைட் அனுப்ப வேண்டியிருந்தது. 100 மெகாபிட் லைனில் நிறுத்தாமல் அனுப்பினாலே ஒன்பது நாளுக்கு மேல். ராத்திரி எட்டு மணி நேரம் மட்டும் அனுப்பினோம், ஒரு மாதம் ஆனது. இந்தக் கணக்கைத் திருப்பியும் போட்டுப் பாருங்கள். ஆபத்து நாளில் திரும்ப இறக்கவும் அதே நேரம்தான். அதனால்தான் ஒரு பிரதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

இரண்டு தீ, இரண்டு பாடம்

எல்லாம் வாடகை வீட்டில் என்பவர்களுக்கு 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். யூனிசூப்பர் என்கிற ஓய்வூதிய நிதி, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். கூகுள் கிளவுடில் இரண்டு இடங்களில் பிரதி வைத்திருந்தார்கள். அமைப்பை உருவாக்கும்போது நேர்ந்த ஒரு பிழையால் அவர்களது தனிக் கிளவுடு கணக்கே நீக்கப்பட்டது, இரண்டு இடத்திலும் சேர்த்து. சேவை திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அவர்கள் மீண்டு வரக் கைகொடுத்தவற்றில் ஒன்று, வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப் என்று இரு தரப்பும் சேர்ந்து விட்ட அறிக்கையே சொன்னது.

சொந்த வீடே சொர்க்கம் என்பவர்களுக்கு 2025 செப்டம்பர் 26. தென்கொரியாவின் தேஜானில் அரசின் டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. அறுநூற்றுக்கும் மேற்பட்ட அரசு சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த ஜி-டிரைவ் எரிந்தது. 858 டெராபைட். வெளியே பிரதி இல்லை. தொழில்நுட்பத்தில் அவர்களை மிஞ்ச ஆள் உண்டா?

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான். வீடு சொந்தமா வாடகையா என்பதைவிட, ஒரு வீடு போனால் இன்னொன்றில் அடுப்பெரியுமா என்பதே கேள்வி.

காசு, சட்டம்

கிளவுடு மலிவு என்பார்கள். சில நேரம் ஆமாம். எங்கள் மூன்றாவது மாத பில் நான் போட்ட கணக்கைப்போல ஒன்றரை மடங்கு வந்தது. உள்ளே கொண்டுபோகக் காசில்லை, வெளியே எடுக்கக் காசு. சோதனைக்கென்று எழுப்பிய மெஷின்கள் சனி ஞாயிறும் ஓடிக்கொண்டிருந்தன. வாரத்துக்கு 168 மணி நேரம், நாம் வேலை பார்ப்பது ஐம்பது. மீதி நேரம் அணைத்து வைத்ததிலேயே அந்த மெஷின்களின் செலவில் எழுபது சதவீதம் குறைந்தது. வருஷம் பூராவும் ஒரே சீராக ஓடும் வேலைக்குச் சொந்த சர்வர், ஏறி இறங்கும் வேலைக்கு வாடகை. இதுதான் என் கணக்கு. ட்ராப்பாக்ஸ் நிறுவனம் அமேசானிலிருந்து தன் தகவலில் பெரும்பகுதியைச் சொந்தக் கட்டமைப்புக்கு மாற்றி, இரண்டு வருஷத்தில் சுமார் ஏழரைக் கோடி டாலர் மிச்சம் பிடித்ததாக 2018-இல் பங்குச்சந்தை ஆவணத்தில் சொன்னது. அதற்காகச் சொந்த வீட்டுக்குச் செலவேறாது என்று நினைக்க வேண்டாம். 2023 நவம்பரில் பிராட்காம், வி.எம்.வேரை வாங்கியது. அடுத்த மாதமே ஒருமுறை வாங்கி எப்போதைக்கும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸை விற்பதை நிறுத்தி, சந்தா முறைக்கு மாற்றிவிட்டது. சொந்த வீட்டிலேயே வாடகை கேட்ட கதை அது.

சட்டமும் இருக்கிறது. பணப் பரிவர்த்தனைத் தகவல் இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் சொன்னது. சைபர் தாக்குதல் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், 180 நாள் லாக் வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. இவற்றில் எதுவும் 'சர்வர் வாடகைக்கு எடுத்தது, எங்களுக்குத் தெரியாது' என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாது. சர்வரைத்தான் அனுப்ப முடியும், பொறுப்பை அனுப்ப முடியாது.

எதிர்க்கட்சிக்கும் ஒரு வார்த்தை

ஹைப்ரிட் என்றால் இரட்டைச் செலவு, இரட்டை வேலை, இரண்டு வித்தையும் தெரிந்த ஆள் வேண்டும் என்கிறார்கள். உண்மை. இருபது பேர் வேலை செய்யும் ஆபீசுக்கு ஹைப்ரிட் வேண்டவே வேண்டாம், பேசாமல் எல்லாவற்றையும் கிளவுடில் வைத்துக்கொண்டு பேக்கப் மட்டும் வேறிடத்தில் வைக்கலாம். நேற்றுத் தொடங்கிய கம்பெனி சர்வர் ரூம் கட்டுவது வீண். ஆனால் மெஷின் ஓடுகிற, ஸ்கேன் எடுக்கிற, பழைய கணக்கு சுமக்கிற இடங்களில் எல்லாம் போய்விடாது. போகாது என்று தெரிந்துகொண்டே 'முழுதும் மாறிவிடுவோம், இது தற்காலிகம்' என்று சொல்லிக்கொண்டிருந்தால், தற்காலிகத்துக்கு யாரும் ஒழுங்காகச் சுவர் எழுப்ப மாட்டார்கள். நம்மில் எத்தனை பேர் 'ரெண்டே வருஷம், அப்புறம் ஊருக்கே' என்று வந்து, பதினைந்து வருஷம் நல்ல கட்டில்கூட வாங்காமல் இருந்தோம்! இருக்கப்போவது இப்படித்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் வீடு வீடாகிறது.

அந்த வரி

இப்போது 'ஆட்கள் - 2' என்ற வரிக்கு வருகிறேன்.

ஜூலை சம்பவத்துக்கு இரண்டு மாதம் முன்பே லாத்தூர்ப் பையனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. என் ஸ்லைடில் இருந்ததுதானே, நிர்வாகம் நம்பியது. அந்த இரவு எந்த கேபிள் எந்த ஸ்விட்சுக்குப் போகிறது என்பதைக் காட்டும் படம் எங்களிடம் இல்லை. அது அவன் தலையில் இருந்தது. ஃபோன் செய்தேன். எடுத்தான். கோபமே இல்லாமல், "மூணாவது ரேக், பின்னாடி, மஞ்சள் டேப் சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான், நாற்பது நிமிஷம். அப்போது அவன் ஒரு கூரியர் கிடங்கில் இரவு ஷிஃப்ட்டில் நின்றுகொண்டிருந்தான்.

காகாவின் வேலை தப்பியது. அந்த இரவுக்குப் பிறகு அந்த வரியை நானே அடித்தேன். பையனுக்காக நிர்வாகத்திடம் இரண்டு முறை பேசினேன், இடம் இல்லை என்றார்கள். தொழில்நுட்பத் தவறுகளையெல்லாம் திருத்திவிட்டேன். இதை இன்னும் திருத்தவில்லை. கிளவுடுக்கு மாற்றும்போது யாரும் பட்டியலில் எழுதாத ஒரு சொத்து, பழைய ரூமைத் தெரிந்த ஆள். அவரை அனுப்பிவிட்டு எழுதும் எந்தக் கணக்கும் பொய்க்கணக்கு. சர்வரை நகர்த்தும் முன் அவருக்குப் புது வித்தையைக் கற்றுக்கொடுங்கள். காகா இப்போது கிளவுடு பில்லை வரிவரியாகப் படிக்கிறார், என்னைவிடக் கறாராக.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். கிளவுடு சர்டிபிகேட் வாங்குங்கள், நல்லது. கூடவே ஒரு பாக்கெட் எப்படிப் போகிறது, டி.என்.எஸ். என்ன செய்கிறது, பேக்கப்பைத் திரும்ப எடுப்பது எப்படி என்று பழைய ரூமில் நாலு நாள் நின்று பாருங்கள். இரண்டு வீட்டுச் சாவியும் கையில் இருப்பவனை அவ்வளவு எளிதில் யாரும் பட்டியலில் எழுத மாட்டார்கள்.

அப்பாவுக்கு அன்று சொன்ன பதில்: "பாதி நம்ம வீட்டுலப்பா, பாதி மும்பையில வாடகைக்கு. மும்பைன்னா ஒரு பெரிய கட்டடம், கரண்டு போனா ஜெனரேட்டரெல்லாம் உண்டு."

"சாவி?"

"பூட்டி வைக்கிற சாவி நம்மகிட்டதான்." போன வருஷம்தான் என்க்ரிப்ஷன் சாவிகளை எங்கள் பொறுப்பில் எடுத்தோம். அதற்கு முன்பு கேட்டிருந்தால் திணறியிருப்பேன்.

"நல்லது. எத்தனை வருஷ அக்ரிமென்ட்?"

"சிலது ஒரு வருஷம், சிலது மூணு வருஷம்."

இங்கே பதினோரு மாத அக்ரிமென்ட்டில் நான் ஆறு வீடு மாறியது அவருக்குத் தெரியும். சிரித்தார்.

"வாடகை ஏத்துவான், பாத்துக்க."